வடகிழக்காகச் சாய்ந்த ரத்தம்

செவல்குறிச்சியில் மைக் செட் பலவேசத்தின் ரத்தம் வடகிழக்குப் பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது என்று தெரியவந்தது ஒரு பங்குனி மாதத்தில், கோயில் கொடைத் திருவிழாக்கள் வரிசையாக வந்து எந்தத் தெருவிலும் யாரும் யாரோடும் மெதுவாகப் பேச முடியாத நாட்களில். அதனால் சிலர் சேதியைச் சரியாகக் காதில் வாங்காமல், பலவேசத்தின் வீட்டுச் சுவர்தான் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒரு கொத்தனாரை அனுப்பி வைத்தார்கள். கொத்தனார் வந்து நூல் பிடித்துப் பார்த்து, சுவர் நேராகத்தான் நிற்கிறது என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பலவேசம் அறுபதைத் தாண்டிய, தொப்பை முன்னே வர ஆள் பின்னே வருகிற மனிதர். கல்யாணம், சடங்கு, கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்கள் தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவருக்குச் சில மாதங்களாக முதுகுக்குள் ஒரு வலி. உள்ளே யாரோ தோளைக் கொடுத்துக் கதவை முட்டித் தள்ளுவது போல இருக்கிறது என்றார். அவர் மனைவி சுயம்புக்கனி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், திருநீறு போட்டுப் பார்த்தாள், கடைசியில் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டர் மெஹருன்னிசா மேலப்பாளையத்துப் பெண். எதைக் கேட்டாலும் புருவம் உயராதவர்.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய் ஒரு பக்கமா வீங்கியிருக்கு அண்ணாச்சி. ஏன் வீங்குச்சுன்னு பாக்கணும். ரத்தம் ஓடும்போது குழாய்ச் சுவத்தை எங்க உரசுது, எவ்வளவு பலமா உரசுதுன்னு காட்டுற ஸ்கேன் ஒண்ணு இருக்கு. எடுத்துருவோம்."

"கத்தி வைப்பியளா?"

"கத்தியே கிடையாது. காந்தம்தான்."

பலவேசம் சிரித்துவிட்டார். காந்தத்துக்குள்ளேயே வாழ்ந்த மனிதர் அவர். செத்துப்போன ஸ்பீக்கர்களின் காந்தங்கள் அவர் வீடு முழுக்கக் கிடந்தன. சுயம்புக்கனியின் அரிவாள்மணையும் தோசைக்கரண்டியும் அவற்றில்தான் ஒட்டிக்கொண்டு நின்றன. பிறந்ததிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத வெள்ளி அரைஞாண் கயிற்றை மட்டும் கழற்றச் சொன்னபோது கொஞ்சம் முரண்டு பிடித்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கை வைத்த இடத்தில் ஒன்றும் இல்லாத சங்கடத்தோடு அந்த வெள்ளைக் குழலுக்குள் போய்ப் படுத்தார். மற்றவர்கள் அந்த இயந்திரத்தின் தடதடப்பில் நடுங்கிப்போய் மணியை அமுக்குவார்கள். பலவேசம் குறட்டை விட்டுத் தூங்கினார். வெளியே இழுத்ததும் ஸ்கேன் எடுக்கும் ஸ்டீபனைக் கூப்பிட்டு, "தம்பி, பெட்டியில கீழ்ச் சத்தம் கிழியுது. ஸ்பீக்கர் கோனை மாத்தச் சொல்லுங்க" என்றார்.

ஸ்டீபன் அதைக் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரையில் ரத்தம் வண்ண நூல்களாக ஓடும். மெல்ல உரசும் இடம் நீலம், பலமாக உரசும் இடம் சிவப்பு. எல்லா மனிதருக்கும் அந்த நூல்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு குழாயின் எல்லாப் பக்கமும் பட்டும் படாமலும் போகும். பலவேசத்துக்கோ, ரோட்டில் ஏதோ விபத்து என்றதும் டவுன் பஸ்ஸில் உள்ளவர்கள் மொத்தமும் ஒரு பக்க ஜன்னலுக்குச் சாய்வது போல அத்தனை நூலும் இடது சுவரில் போய் விழுந்துகொண்டிருந்தன. இடது சுவர் செக்கச் சிவந்து கிடந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். தலையும் காலும் இடம் மாற, எதிர்த் திசையில் படுக்கவைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். இப்போது சிவப்பு வலது சுவருக்கு வந்திருந்தது. ஆக, ரத்தம் பலவேசத்தின் இடது பக்கத்துக்குச் சாயவில்லை. அறையின் வடகிழக்கு மூலைக்குச் சாய்ந்தது. மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"வடகிழக்குல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"வடகிழக்குலயா? ஊரு இருக்கு."

கடையில் அவர் நாற்காலி போட்டிருந்த விதத்தில் இடது தோள்தான் வடகிழக்கைப் பார்க்கும். வீட்டுக் கட்டிலிலும் அப்படித்தான். வருஷக்கணக்காக ஒரே பக்கம் முட்டி முட்டி, அந்தப் பக்கத்துச் சுவர் வெற்றிலை மாதிரி மெலிந்துவிட்டது என்றார் டாக்டர். அறுத்து வேறு குழாய் வைக்கலாம்; ஆனால் ரத்தம் இப்படியே முட்டினால் புதுக் குழாயும் நைந்துபோகும். முதலில் சாய்வை நிறுத்த வேண்டும், அதுவரை ஓட்டம் சாட்டம் கூடாது, சுவர் எந்த நேரமும் விட்டுவிடலாம். சுயம்புக்கனி அரைஞாண் கயிற்றைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே டீக்கடைப் பெஞ்சில் ஊரின் படத்தைக் கரிக்கட்டியால் வரைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வடகிழக்காக ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். கோடு முதலில் ஒயின்ஷாப்பின் மேல் ஓடியது. அப்புறம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் எப்சிபாளின் வீடு. அப்புறம் கடைத்தெரு. அதற்கப்புறம் கரிசல் காடு, கோடு நேராகப் போனால் காசி என்றார் கோயில் பூசாரி. குடிக்கிறவர்கள் ஒயின்ஷாப் என்றார்கள், பூசாரி காசி என்றார், சுயம்புக்கனி எப்சிபாள் டீச்சரின் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கூந்தலை அள்ளி முடிந்தாள்.

எப்சிபாள் டீச்சர் குடையோடு நேரே பலவேசத்தின் வீட்டுக்கே வந்தார். "கோட்டுல நான் இருக்கேனாமே? சோதிச்சுப் பாத்துருவோம். அவரை மறுபடி உள்ள படுக்கப் போடுங்க. நான் மேற்க நடக்கேன்" என்றார். அப்படியே பலவேசம் குழலுக்குள் கிடக்க, டீச்சர் ஊரின் மேற்குக் கோடியிலிருந்த சர்ச்சு வரை நடந்துபோய் நின்றார். சிவப்பு அசையவில்லை. சேதி கேட்டு டீச்சர் "நல்லது" என்றுதான் சொன்னார். ஆனால் திரும்பி வரும்போது குடையை விரிக்காமலே வந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மகாவீர் ஜெயந்திக்கு ஒயின்ஷாப்பைப் பூட்டியபோதும் எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு அசையவில்லை. காசியை நகர்த்திப் பார்க்க வழியில்லாததால் பூசாரி ஜெயித்துவிட்டதாக ஊர் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டது.

அப்படி இருக்கையில்தான் கடைசியாக ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்த ஸ்கேனில் ஸ்டீபன் "மேடம்!" என்று கத்தினார். திரையில் சிவப்பு நகர்ந்துகொண்டிருந்தது. கடிகார முள் போல, வடகிழக்கிலிருந்து கிழக்கு, கிழக்கிலிருந்து தென்கிழக்கு என்று மெல்ல மெல்லக் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்தது. மெஹருன்னிசா ஜன்னல் திரையை விலக்கினார். பைபாஸில் தெற்கே, கூம்புகளையும் சீரியல் பல்புகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. வேன் வேகத்தடையில் நின்றது, சிவப்பும் நின்றது. வேன் புறப்பட்டது; சிவப்பும் புறப்பட்டது. வேனின் பின்கதவில் பெரிதாக எழுதியிருந்தது: தங்கப்பழம் ஒலி-ஒளி.

சுயம்புக்கனி அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தாள். பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

தங்கப்பழம் யார் என்று செவல்குறிச்சியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவின் அந்தக் கோடியில் அவருக்கும் மைக் செட் கடைதான். இரண்டு பேரும் ஒரே காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். இளந்தாரி வயதில் ஒரு கல்யாண வீட்டில், மைக் ஓடிக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தே, "பலவேசம் செட்டா? அது கொட்டாங்கச்சிக்குள்ள வண்டை அடைச்ச மாதிரில்லா இருக்கும்" என்று தங்கப்பழம் சொல்ல, அது நாலு கூம்பு வழியாக நாலு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் பலவேசம் அவரோடு பேசியதில்லை. எந்த விசேஷத்துக்குக் கூம்பு கட்டினாலும் ஒரு கூம்பைத் தங்கப்பழத்தின் வீட்டைப் பார்த்தே திருப்பிவைப்பார்; தன் வீட்டு மாடியிலும் அப்படி ஒரு கூம்பை நிரந்தரமாக நிறுத்தியிருந்தார். தங்கப்பழத்தின் மனைவி செத்த துட்டி வீட்டுக்குக்கூடப் போகவில்லை; ஆனால் அந்த மாதம் முழுக்க அந்தக் கூம்பை மட்டும் கழற்றி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுயம்புக்கனி பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு பொம்பளையா இருந்தா ஊரைக் கூட்டி அழுதிருப்பேன். இதுக்கு நான் என்னன்னு சொல்லி அழ? இத்தனை வருசம் பக்கத்துலயே படுத்துக் கிடக்கேன், ஒரு நூலாவது எம் பக்கம் சாஞ்சுதா?"

"எனக்கு மட்டும் தெரியுமாட்டி அது அங்கன போய் முட்டுதுன்னு? காசியா இருக்கும்னுதான் நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார் பலவேசம். அவர் முகம் கறுத்துவிட்டது. எப்சிபாள் டீச்சராக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அதற்குள் ஊர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் தங்கள் வீட்டு ரத்தம் எங்கே சாய்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. மருமகள்கள் மாமியார்களைக் கூட்டிவந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சாய்வுப் படமும் கேட்டார்கள். வார்டு கவுன்சிலருக்கு எடுத்தபோது ரத்தம் எதிர்க்கட்சி ஆபீஸைப் பார்த்துச் சாய, அவர் அடுத்த வாரமே அங்கே போய்ச் சேர்ந்து, ரத்தம் பொய் சொல்லாது என்று பேட்டி கொடுத்தார். பருப்பு மண்டி வைத்திருந்த ஒருவருக்கு ரத்தம் சொந்த மனைவி பக்கமே சாய்ந்திருப்பது வெளியில் தெரிந்து, கூட்டாளிகளின் கேலி தாங்காமல் அவர் கொஞ்ச நாள் மண்டிக்குப் பின்வாசல் வழியாகவே போய்வந்தார். யாரோ சுயம்புக்கனியிடமும், "நீயும் ஒருக்க எடுத்துப் பாரேன்" என்றார்கள். "வேண்டாம்மா. தெரிஞ்சுட்டா நான் கிளம்பி அங்க போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் மெஹருன்னிசா, 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று வாசலில் போர்டு மாட்டினார்.

பலவேசத்துக்கு அவர் சொன்ன வைத்தியம் இதுதான்: மாத்திரை சாப்பிட்டுவிட்டு, சுவர் ஆறும் வரை மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். கட்டிலைத் திருப்பிப் போட்டால் இடது சுவர் தப்பிக்கும்.

கட்டில் திரும்பவில்லை. அது சுயம்புக்கனிக்குச் சீதனமாக வந்த தேக்குக் கட்டில். அறையைக் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டியது. ஆறு பேர் தம் பிடித்துத் தூக்கியும் ஒரு மூலை சுவரில் இடித்தது. அப்படியே திருப்பினாலும் தலை வடக்கே வரும். வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன், அதற்கு நேரே சுடுகாட்டுக்கே தூக்கிக்கொண்டு போங்கள் என்றார் பலவேசம்.

"அப்போ அவரைத்தான் திருப்பணும்" என்றார் டாக்டர்.

"யாரை?"

"தங்கப்பழம் அண்ணாச்சியை. இவர் படுத்திருக்கட்டும். அவர் வீட்டைச் சுத்தி வரட்டும். ரத்தம் எல்லாச் சுவத்துலயும் மாறி மாறிப் படும்ல? இடதுபக்கத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

"குழாய் வெடிச்சாலும் சரி, அவன்கிட்ட போய்க் கேக்கப்பிடாது!" என்றார் பலவேசம்.

சுயம்புக்கனி போய்க் கேட்டாள். தங்கப்பழம் ஒல்லியான மனிதர், வலது முழங்காலில் வீக்கம், மீசைக்கு மை. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்.

"இப்போ சாயுதா?"

"இங்கேர்ந்து எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"ரொம்பப் பலமா சாயுதோ?"

"செக்கச் செவேல்னு இருக்கு."

தங்கப்பழம் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்குள் ஒரு சந்தோஷம் ஓடியதை அவரால் மறைக்க முடியவில்லை. "வாரேன். ஆனா ஒண்ணு. அம்மன் கொடையில, மைக்ல, 'தங்கப்பழம் செட்டுதான் இந்த ஊர்லயே நல்ல செட்டு'ன்னு அவரு ஒரே ஒரு தடவை சொல்லணும்."

அதைக் கேட்டுப் பலவேசம் படுத்த படுக்கையிலேயே போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவையில்லாமல் இருந்தது.

பிறகு ஒரு காலையில், இட்லியைப் பிட்ட கை வாய்க்குப் போகாமல் நின்றது. முதுகுக்குள் இருந்த தோள் கதவை உடைத்துவிடுவது போல முட்டியது, வேர்த்து ஊற்றியது, மூச்சை இழுக்க முடியவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் கொடைக் கூட்டத்தில் அது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. சுயம்புக்கனி மாடிக்கு ஓடினாள். அங்கே எப்போதும் வடகிழக்கைப் பார்த்தபடி நிற்கும் கூம்பு இருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள், மைக்கைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மைக்கைத் தொட்டதே இல்லை.

"தங்கப்பழம் அண்ணாச்சி! உடனே வாங்க! அந்த மனுசன் போயிருவாரு போலிருக்கு! உங்க செட்டுதான் நல்ல செட்டுன்னு நான் சொல்லுதேன், வாங்க!"

சவரக்கடையில் உட்கார்ந்திருந்த தங்கப்பழம் ஒரு கன்னத்தில் நுரையும் கழுத்தில் துண்டுமாக எழுந்து, வீங்கின காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். யாரையும் எதையும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்ததும் நேரே வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். கிழக்குச் சுவர், தெற்குச் சுவர், மேற்குச் சுவர், சாக்கடைச் சந்து, கோழிக்கூடு, மறுபடி கிழக்கு. உள்ளே பலவேசத்தின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கி ஒழுங்குக்கு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, ஜன்னலில் கடந்துபோன நுரைபூசிய முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்குவே வேஷம்" என்றார். அதுதான் அத்தனை காலத்துக்கப்புறம் அவர் தங்கப்பழத்திடம் பேசிய முதல் பேச்சு.

அதன்பிறகு தங்கப்பழம் காலையும் மாலையும் வந்து சுற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார், கோழிக்கூடு இடம் மாறியது, சாக்கடைச் சந்தில் பஞ்சாயத்து கல் பாவிக் கொடுத்தது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வெளியூர்ப் பெண் ஒருத்தி தானும் பின்னால் சுற்ற, அவள் மகனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்துவிட்டதாகப் பேச்சு வந்து, வெள்ளிக்கிழமைகளில் தங்கப்பழத்தின் பின்னால் ஒரு வரிசையே வந்தது. வீட்டுக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒன்று, மேற்கே அடுப்படி ஜன்னல். சண்டை மூன்று ஜன்னல் வழியாகவும் தவணை தவணையாக நடந்தது.

"நான் அன்னைக்கு வண்டுன்னு சொன்னது..." என்பார் தங்கப்பழம், கிழக்கு ஜன்னலில்.

"சொன்னது?" என்று காத்திருப்பார் பலவேசம்.

"...உம்ம செட்டைக் கிடையாதுவே" என்று தெற்கு ஜன்னலில் வருவார், "அன்னைக்கு மாப்பிள்ளைக்குத் தகப்பனார் பாடுனாருல்லா..."

"ஆமா, பாடுனாரு. பாடுனா?"

மீதியை அடுப்படி ஜன்னலில் சுயம்புக்கனிதான் கேட்டாள். "அவரு குரலைத்தான் சொன்னேன். அவருகிட்ட அடி வாங்க முடியுமா? அதான் செட்டு மேல போட்டேன்." அவள் தம்ளரை நீட்டி, "இதை அந்தச் சன்னல்லயே சொல்லித் தொலைச்சா என்ன அண்ணாச்சி? இத்தனை வருசம் எம் வீட்டு மாடியில அந்தக் கூம்பு உக்காந்திருக்கு" என்றாள். தங்கப்பழம் காப்பியை நின்று குடிக்காமல் நடந்தே குடித்தார்.

ஆடி பிறந்தபோது மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நூல்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு எல்லாச் சுவரிலும் பட்டும் படாமலும் போயின, எங்கும் நீலம். சாய்வு போயே போய்விட்டது. சுவர் தடித்து ஆறியிருக்கிறது, இனி எழுந்து நடமாடலாம், யாரும் யாரையும் சுற்ற வேண்டாம் என்றார் மெஹருன்னிசா. பலவேசம் அரைஞாண் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்து வெளியே வந்தார்.

வெளியே தங்கப்பழம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார். "எனக்கும் ஒருக்க எடுத்துருங்கம்மா. இவரு மட்டுமா சாஞ்சிருப்பாரு? என் ரத்தம் இவரு கடைச் சுவத்தையே இடிச்சிருக்கும்" என்றார். டாக்டர் போர்டைக் காட்டினார். தங்கப்பழம் முழங்காலைக் காட்டி, "நானும் நோயாளிதான்" என்றார். எடுத்தார்கள். பலவேசம் ஸ்டீபனுக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கப்பழத்தின் ரத்தம் எங்கேயும் சாயவில்லை. ஓட வேண்டியபடி ஓடியது. பலவேசத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. "இவ்வளவு சுத்தமான ஓட்டத்தை நான் பாத்ததே இல்லை" என்று மெஹருன்னிசா முதல்முறையாகப் புருவத்தை உயர்த்தினார்.

பலவேசம் வீட்டுக்கு வந்து மூன்று ஜன்னலையும் அடைத்தார்.

"குணமானதுக்கு யாராவது இப்படி மூஞ்சியைத் தூக்குவாங்களா?" என்றாள் சுயம்புக்கனி.

"இத்தனை வருசமும் நான் ஒருத்தன் மட்டுமாட்டி முட்டிக்கிட்டுக் கிடந்தேன்? அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையாம். கல்லு மாதிரி இருந்திருக்கான். வைத்தியமும் முடிஞ்சுது, இனி எதுக்கு வருவான்?" சாப்பாட்டில் கைவைக்காமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாசலில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. கிழக்குச் சுவரோரமாக வந்தது, தெற்கே போனது, மேற்கே போனது, திரும்பி வந்தது. பலவேசம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அடைத்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"எதுக்குவே சுத்துதீரு? எனக்குக் குணமாயாச்சு. உமக்குத்தான் சாயவே இல்லைல்லா?"

சத்தம் ஜன்னலுக்கு வெளியே நின்றது. மூச்சு வாங்கும் ஒலி கேட்டது.

"என் ரத்தம் சாயலைதான்வே, அதுக்கு நான் என்ன செய்ய? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு" என்றார் தங்கப்பழம். "நான்தான் நடந்து வந்திருக்கேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு."

பலவேசம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஜன்னலை விட்டுவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.